வேணும், வேணாம்: பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் இருக்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 4 வருஷம் ஆகிறது. காலும் கையும் ஓரளவு திரும்பிவிட்டன, பேச்சு அப்படித் திரும்பவில்லை. 35 வருஷம் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அண்ணாச்சிக்கு, ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மிஞ்சியிருந்தது 'சரிசரி' என்ற ஒரே சொல். பசித்தாலும் சரிசரி, வலித்தாலும் சரிசரி, கோபம் வந்தால் இன்னும் உரக்கச் சரிசரி.

டாக்டர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் ரத்த ஓட்டம் தடைபட்டால் வலது கை கால் விழுவதோடு பேச்சும் போகலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. கீழே இருப்பவற்றில் பாதி நாங்கள் தப்பாகச் செய்து கற்றவை. மீதி, அதற்குப் பிறகு ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவை.

1. நாக்கை விட்டுவிடுங்கள். எங்கள் பெரியத்தை முதல் வாரமே வசம்பைச் சுட்டு இழைத்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தைக்குப் பேச்சு வர நாக்கில் தடவுவதுதானே, பெரியவருக்கு மட்டும் பலிக்காதா என்பது அவர் வாதம். வசம்புக்குப் 'பேர் சொல்லா மருந்து' என்று ஒரு பெயர் உண்டு. பேர் சொல்ல முடியாமல் படுத்திருந்தவருக்கு அது வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அஃபேசியாவில் கோளாறு நாக்கில் இல்லை. சொல்லைத் தேடி எடுக்கிற இடத்தில் இருக்கிறது. அதோடு, பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதிலும் சிக்கல் இருக்கலாம். அதைப் பரிசோதித்துச் சொல்லும்வரை வாயில் எதையும் தடவாதீர்கள், தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

2. வாய் குழறுவது வேறு, அஃபேசியா வேறு. உதடும் நாக்கும் பலவீனமானதால் குழறுகிறவர் சொல்ல வந்ததை எழுதிக் காட்டிவிடுவார். அஃபேசியா உள்ளவருக்கு எழுத்தும் தடுமாறும், வாசிப்பும் தடுமாறும், சிலருக்குப் பிறர் சொல்வது புரிவதும் தடுமாறும். 'பேசத்தானே முடியலை, ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்க' என்று யோசனை சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். நோட்டு கொடுப்பதில் தப்பில்லை, அதில் எழுதாவிட்டால் கோபப்படாதீர்கள்.

3. புத்தி போய்விட்டது என்று யாரையும் பேச விடாதீர்கள், முக்கியமாக அவர் முன்னால். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். பல வருஷமாக 'டான்' என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வராது. ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. ஆனால் கேட்பதையெல்லாம் அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார், அந்த ஒரு சொல்லையும் கையசைவையும் வைத்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் இடப்பக்க முன்பகுதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பைப் புரோக்கா சொன்னார். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சரிசரி நினைவுக்கு வந்தது.

கனடாவில் டொரண்டோ நகரத்தில் அஃபேசியா உள்ளவர்களுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே ஆரா கேகன் என்பவர் உருவாக்கிய உரையாடல் முறையில், எதிரே உட்கார்ந்திருப்பவர் முதலில் சொல்லப் பழகவேண்டிய வாக்கியம் இதுதான்: உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நம் வீட்டில் இதை நம் மாதிரியே சொல்லிக்கொள்ளலாம். 'உங்களுக்குத் தெரியுதுப்பா, வார்த்தைதான் வரமாட்டேங்குது' என்று நான் முதன்முதலில் சொன்ன அன்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த முறையை 2001-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 40 தன்னார்வலர்களில் 20 பேருக்கு மட்டும் பயிற்சி தந்தார்கள். அவர்களோடு பேசிய அஃபேசியாக்காரர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. இருந்தும் பயிற்சி பெற்றவர்களோடு பேசியபோது அவர்கள் அதிகம் தெரிவித்தார்கள். இதைப் படித்த பிறகு அப்பாவைத் திருத்துவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு எங்களைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தோம். இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை வீட்டாருக்கான குறிப்புகளாக இருப்பது அதனால்தான்.

4. நலம் விசாரிக்க வருகிறவர்களை வாசலிலேயே தயார்படுத்துங்கள். 'என்ன அண்ணாச்சி, என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பாப்போம்!' என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் உட்காருவதில்லை. பாசத்தில் கேட்பதுதான். ஆனால் அஃபேசியா உள்ளவருக்கு ஆளின் பெயரைச் சொல்வதைவிடக் கடினமான பரீட்சை குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை 11 பேர் வந்தார்கள், 11 பரீட்சை. சாயங்காலம் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வருகிறவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ளட்டும்: 'அண்ணாச்சி, நான் செல்வி, மேலத்தெரு தையல்காரர் மக.' அதன் பிறகு அவர் முகத்தைப் பாருங்கள், தெரிகிறதா இல்லையா என்பதற்கு விடை அங்கே இருக்கும்.

5. வேணும், வேணாம் இரண்டையும் நம்பாதீர்கள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இருக்கின்றன, மூளையிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறோம் போல. ஒன்றைச் சொல்ல வந்தவர் வாயில் மற்றது வந்து விழும். தலையாட்டலும் உதவாது. மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒருமாதிரி சாய்த்தால் என்னவென்று நமக்கே சந்தேகம். எங்கள் வீட்டில் அப்பா 'வேணாம்' என்றதை நம்பி 2 நாள் ராத்திரி இட்லி வைக்காமல் இருந்திருக்கிறோம்.

நாங்கள் கண்டுபிடித்த வழி: கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. ஓர் அட்டையில் பச்சையில் ஒரு சரி, சிவப்பில் ஒரு பெருக்கல். முக்கியமான விஷயமென்றால் ஒரே கேள்வியைத் திருப்பியும் கேளுங்கள். 'டீ வேணுமா?' என்பதற்கும் ஆமாம், 'அப்ப டீ வேண்டாம், அப்படித்தானே?' என்பதற்கும் ஆமாம் என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். டீத்தூள் டப்பாவையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் நேரே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

6. கண்ணாடி, காது மிஷின், பல்செட். மூன்றும் ஆஸ்பத்திரியில் கழற்றிய பையிலேயே கிடக்கும். எடுத்து மாட்டிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

7. டி.வி.யை அணையுங்கள். குக்கர் விசில் அடங்கட்டும். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். காது நன்றாகக் கேட்கும்போது கத்திப் பேச வேண்டாம். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், குரலைக் குழந்தையிடம் பேசுவதுபோல மாற்றாதீர்கள்.

8. கேட்டுவிட்டு மனதுக்குள் 10 எண்ணுங்கள். நாங்கள் எல்லாரும் 3 வரும்போதே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவோம். அவர் முதல் கேள்விக்குப் பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு வரும்போது நாம் மூன்றாவதில் இருப்போம். கடையிலும் அப்படித்தானே, ஒருவர் சிட்டையை வாசித்துக்கொண்டே போனால் பையன் எந்தப் பொட்டலத்தைக் கட்டுவான்?

9. பேச்சோடு ஒரு சொல்லை எழுதுங்கள். சிலேட்டோ வெள்ளைப் பலகையோ பழைய காலண்டர் தாளின் பின்பக்கமோ போதும். 'எங்கே வலிக்குது?' என்று கேட்டுக்கொண்டே தலை, தோள், வயிறு என்று பெரிய எழுத்தில் எழுதி நீட்டுங்கள், அவர் தொட்டுக் காட்டுவார். கடைசியில் 'வேற' என்று ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் நாம் நினைத்த மூன்றில் ஒன்றை அவர் தலையில் கட்டிவிடுவோம். காலண்டர், குடும்ப ஆல்பம், ஊர்ப் படம், போனில் எடுத்த போட்டோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். யார், எந்த ஊர், என்றைக்கு என்பதெல்லாம் ஒரே இடத்தில் அச்சடித்துக் கிடைக்கிறது.

10. தப்பான சொல் வந்தால் அதன் பக்கத்து வீட்டைத் தட்டிப் பாருங்கள். சீப்பு என்றால் கண்ணாடியாக இருக்கலாம். உப்பு என்றால் சீனி. அம்மாவை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னைச் சித்தி பெயர் சொல்லி. சரக்கெல்லாம் உள்ளேயே இருக்கிறது, எடுத்துத் தருகிற பையன் பக்கத்து டப்பாவில் கையை விட்டுவிடுகிறான். பொருள் புரிந்துவிட்டால் திருத்தாமல் மேலே போங்கள். 'உப்பு இல்லைப்பா, சீனின்னு சொல்லுங்க' என்று ஒவ்வொரு டம்ளருக்கும் பாடம் எடுத்தால் டீ ஆறிவிடும்.

11. சொல் தொண்டை வரை வந்து நின்றால், உதவி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால் சொல்லையே எடுத்துக் கொடுக்காமல் சுற்றிக் காட்டலாம்: எதுக்கு உதவும், எங்கே இருக்கும், யார் வைத்திருப்பார்கள். முதல் எழுத்தைச் சொல்லிப் பார்க்கலாம். பாதி வாக்கியத்தை நீட்டலாம். 'சாம்பாருக்குப் போடுறது துவரம்...' என்று நிறுத்தினால் 'பருப்பு' தானாக வந்து விழும்.

12. 'சொன்னாத்தான் தருவேன்' கூடவே கூடாது. தண்ணீர்ச் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு 'தண்ணின்னு சொல்லுங்க' என்று நின்றது வேறு யாருமில்லை, நான்தான். சைகை பழகிவிட்டால் பேச்சு வராது என்று யாரோ சொன்னதை நம்பினேன். வாய்ப்பேச்சு மட்டுமே என்று விதி வைத்துச் செய்கிற தீவிரப் பயிற்சி ஒன்று இருப்பது உண்மைதான். அது சீட்டாட்டம் மாதிரி குழுவாக உட்கார்ந்து, விதி எல்லாருக்கும் தெரிந்து ஆடுவது. ஆஸ்திரேலியாவில் 216 பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த முறையையும், சைகை, படம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிற இன்னொரு முறையையும் 2 வாரம், 30 மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பின் மொத்த அளவில் வழக்கமான சிகிச்சையைவிட இரண்டும் பெரிதாக முந்தவில்லை. சொல் எடுப்பதிலும் அன்றாடத் தொடர்பிலும் இரண்டுமே பலன் தந்தன. சைகை சேர்ந்ததால் பேச்சு கெட்டுப்போகவில்லை. கை காட்டுகிறாரா, காட்டட்டும். நீங்களும் காட்டுங்கள்.

13. பாட்டு வருகிறது, திட்டு வருகிறது, பேச்சு வரவில்லையா? நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமைகள், மனப்பாடமான சாமி பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, கெட்ட வார்த்தை ஆகியவை புதிதாக வாக்கியம் கட்டுவதுபோல் இல்லாமல் பழகிய தடத்தில் தாமாக உருண்டு வருபவை. கடையில் ஒருநாளும் கெட்ட வார்த்தை பேசாத அப்பா, கால் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்டைத் தெளிவான உச்சரிப்பில் திட்டினார். அம்மா கூசிப்போனாள், எனக்கென்னவோ அன்று சந்தோஷம்தான்.

பாட்டைப் படியாக வைத்துப் பேச்சுக்கு ஏற்றுகிற முறையைப் பாஸ்டன் ஆய்வாளர்கள் 1973-இல் எழுதினார்கள். தேவையான சிறு சொற்றொடரை ராகமாக இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லி, மெல்ல ராகத்தைக் குறைப்பது. அதை ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள். சும்மா சேர்ந்து பாடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அஃபேசியா உள்ளவர்களும் அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாரும் 4 மாதம் சேர்ந்து பாடினார்கள். பேச்சில் முன்னேற்றம் இருந்தது, கவனிப்பவர்களின் பாரமும் குறைந்திருந்தது.

14. சரளமாகப் பேசுகிற அஃபேசியாவும் உண்டு. ஆறு மாதிரி ஓடும், ஒன்றும் புரியாது. தான் சொல்வது பிறருக்குப் புரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மருமகள் தன்னை வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறாள் என்று சண்டைக்கு வருவார். இப்படிப்பட்டவர்களைத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று கோவில் கோவிலாகக் கூட்டிக்கொண்டு அலைகிறார்கள். கையை உயர்த்தி 'கொஞ்சம் இருங்க' என்று நிறுத்துங்கள். பேச்சைக் குறைத்துப் பொருளைக் காட்டுங்கள். குளிக்க வேண்டுமென்றால் துண்டு, வெளியே போவதென்றால் செருப்பு.

15. அ, ஆ புத்தகத்தை வாங்காதீர்கள். அம்மா, ஆடு, இலை என்று படம் போட்ட அரிச்சுவடியை என் தம்பி வாங்கிவந்து நீட்டினான். அப்பா அதை அப்படியே திண்ணையில் வீசினார். பாடப் புத்தகத் தமிழும் வேண்டாம். 'பசு' என்று படத்தில் இருக்கும், வாழ்நாள் முழுக்க அவர் சொன்னது மாடு. 'நீர் அருந்துகிறான்' என்று எந்த வீட்டில் பேசுகிறோம்? அவருடைய நாக்கில் புழங்கிய தமிழிலேயே பயிற்சி இருக்கட்டும். தந்தி பேப்பர் தலைப்பு, கடைச் சிட்டை, பஸ் போர்டு, பேரனின் பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாம் பாடந்தான்.

16. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி தெரிந்தவரா? தெரபிஸ்டிடம் முதல் நாளே சொல்லுங்கள். வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழுமாக வாழ்ந்தவரைத் தமிழில் மட்டும் சோதித்தால் கணக்குத் தப்பும். அப்பா இளவயதில் தாராவியில் 8 வருஷம் கடையில் வேலை பார்த்தவர். முதலில் திரும்பிவந்த எண்கள் ஏக், தோ, தீன். வீடே திகைத்தது. முதலில் கற்ற மொழிதான் முதலில் திரும்பும் என்று பிரான்சில் ரிபோ எழுதினார், அதிகம் புழங்கிய மொழி என்று 1895-இல் பித்ர் எழுதினார். இரண்டு விதிக்கும் அடங்காதவர்கள் உண்டு. எந்த மொழியில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

17. எந்தச் சொல்லைப் பழக்குவது? பேசாமல் 20 சொல் தேர்ந்தெடுங்கள், ஆனால் அவரோடு உட்கார்ந்து. பிரிட்டனில் 278 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கம்ப்யூட்டரில் தாங்களே பயிற்சி செய்தவர்கள் அந்தச் சொற்களை நன்றாகவே சொன்னார்கள். ஆனால் உரையாடல் அதனால் மேம்படவில்லை. அதாவது படத்தைப் பார்த்துச் சொல்ல வந்துவிடும், சாப்பாட்டுத் தட்டின் முன் 'ரசம்' வராது. ஆகவே ரசம், மோர், பேரன் பெயர், 'ஃபேனைப் போடு', 'போதும்', அவருடைய கட்சி, அவருடைய கிரிக்கெட் டீம் என்று எடுங்கள். காலையில் பழகிய சொல்லுக்கு மத்தியானம் ஒரு வேலை கொடுங்கள். 'மோர்' பழகினோமென்றால் அன்று மோரை மேஜையில் வைக்காமல் மறந்துவிடுவேன். கேட்டாலும் சரி, செம்பைக் காட்டினாலும் சரி, உடனே வரும். (12-ஆவது குறிப்புக்கு இது முரண் என்று தம்பி சொல்கிறான். மறந்துபோவதற்கும் மறைத்துவைப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் கட்சி.)

18. முதல் வாரங்களில் விரட்டாதீர்கள், 6 மாதத்துக்குப் பிறகு கைவிடாதீர்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சூட்டில் தினம் 4 மணி நேரம் உட்காரவைப்பது, ஆறாவது மாதம் 'இனி அவ்வளவுதான், கொடுத்துவைத்தது இவ்வளவு' என்று விட்டுவிடுவது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 246 பேரிடம் செய்த ஆய்வில், ஆரம்ப வாரங்களில் கூடுதல் தீவிரமாகக் கொடுத்த பயிற்சி வழக்கமான பயிற்சியைவிட அதிகப் பலன் தரவில்லை. ஜெர்மனியில் 158 பேரிடம் நடந்து 2017-இல் வந்த ஆய்விலோ, பக்கவாதம் வந்து 6 மாதமோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் 3 வாரம் பயிற்சி தந்ததில் அன்றாடப் பேச்சு முன்னேறியது.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு: 25 ஆய்வுகளில் இருந்த 959 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2022 கணக்கில், மொத்தம் 20 முதல் 50 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களிடம் அதிக முன்னேற்றம் தெரிந்தது. வீட்டுப் பாடமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இது ஒரு சராசரி, அவரவர் உடம்புக்குத் தக்கபடி தெரபிஸ்ட் சொல்வார். வீட்டில் நாங்கள் கண்டது, காலை இட்லிக்குப் பிறகு 20 நிமிஷம் செய்வது மாலை 1 மணி நேரத்துக்குச் சமம். களைத்த மூளைக்கு நேற்று வந்த சொல்லும் இன்று வராது.

19. போன். குரல் மட்டும் வேண்டாம், வீடியோவில் கூப்பிடச் சொல்லுங்கள். முகமும் கையும் தெரிந்தால் பாதிப் பேச்சு முடிந்தது.

20. பேச்சு திடீரென்று மோசமானால் 'இன்னைக்கு மூடு சரியில்லை' என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், இவர் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, வழக்கத்தைவிடக் குழறுகிறதா என்று பாருங்கள். எது இருந்தாலும் 108 ஆம்புலன்ஸ். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான். எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், அங்கே கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

21. மனசு. இதை நாங்கள் 7 மாதம் கவனிக்கவில்லை. பேச முடியாதவர் சும்மா இருக்கிறார் என்றுதான் நினைத்தோம். பின்லாந்தில் 2000-இல் வெளியான ஆய்வொன்றில், பக்கவாதத்தால் அஃபேசியா வந்தவர்களில் 3 மாதத்தில் 70 சதவீதம் பேருக்கும், ஒரு வருஷம் கழித்து 62 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. சோர்வாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டால் இவர் எப்படிப் பதில் சொல்வார்? அதனால் வீட்டில் இருப்பவர் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒரு கேள்விப் பட்டியலை 1998-இல் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். அழுகிறாரா, தூங்குகிறாரா, முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாரா, பிடித்த வேலையைக்கூட விட்டுவிட்டாரா என்கிற வகைக் கேள்விகள். நீங்களும் ஒரு வாரம் குறித்துவைத்து டாக்டரிடம் கொடுங்கள்.

பேச்சு இல்லாமல் மனநலச் சிகிச்சை எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நாட்டிங்ஹாமில் 105 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், அவரவருக்குப் பிடித்த செயல்களைக் கண்டுபிடித்து மெல்ல மெல்ல நாளுக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். படமும் எழுத்தும்தான் கருவி. மனச்சோர்வு குறைந்தது. நாங்கள் அப்பாவைச் சாயங்காலம் 5 மணிக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். தம்பி வியாபாரம் செய்வான். அப்பா தராசைப் பார்ப்பார். ஒருநாள் 50 கிராம் குறைவாக நிறுத்ததற்கு, அதுவரை கேட்டிராத சத்தத்தில் ஒரு சரிசரி.

22. அம்மாவுக்கும் ஒரு குறிப்பு. எல்லா வீட்டிலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உருவாகிவிடுவார், அநேகமாக மனைவி. 1990-இல் பக்கவாதத்தால் பேச்சிழந்த ஸ்வீடன் கவிஞர் டோமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு அவர் மனைவி மோனிகா. டிரான்ஸ்ட்ரோமர் இடது கையால் பியானோ வாசித்தார், கவிதை வந்துகொண்டிருந்தது, 2011-இல் நோபல் பரிசும் வந்தது. எங்கள் வீட்டு மோனிகாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. வாரத்தில் ஒரு மத்தியானம் அம்மாவை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்புங்கள். அன்று மட்டும் அப்பா கூடுதல் முயற்சி எடுத்துச் சொல்கிறார் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

23. காகித வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைச் சொல்லும் இடத்தில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கை கால் சரியாகிவிட்டது, சான்றிதழ் கிடையாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். வங்கியில் கையெழுத்துப் போட முடியாமல் போனால், சாட்சிகள் இரண்டு பேர், அதில் ஒருவர் வங்கி அதிகாரி, முன்னிலையில் கைநாட்டை ஏற்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது.

24. சட்டைப் பையில் ஓர் அட்டை: 'எனக்குப் பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பேசுவது புரியும். மெதுவாகப் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.' கீழே வீட்டு போன் நம்பர். பஸ்ஸில் குடிகாரர் என்று நினைத்து இறக்கிவிட்ட கதைகள் உண்டு.

25. அதே நோய் வந்த இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். லண்டனில் சிட்டி பல்கலைக்கழகத்தார், அஃபேசியா உள்ளவர்களையே புதிதாக அஃபேசியா வந்தவர்களின் வீட்டுக்கு நட்பாக அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள், 3 மாதத்தில் 6 முறை. எங்களுக்கு அந்த வசதி ஏது? தெரபிஸ்ட் அறை வாசலில் பழக்கமான ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் கிடைத்தார். அவருக்கு 'ரைட்' மட்டும் வரும், அப்பாவுக்கு அப்போதைக்கு 30 சொல். வியாழக்கிழமை 4 மணிக்கு வருவார், இருவரும் தாயக்கட்டை உருட்டுவார்கள். சரிசரி, ரைட், சரிசரி, ரைட், நடுவில் ஒரு பெரிய சிரிப்பு. நாம் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கப் போகக் கூடாது. 2 டம்ளர் டீயை வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒன்றில் சீனி இல்லை, எது யாருக்கென்று அவர்களுக்குத் தெரியும்.